சுருளியின் கைராசி

மேகம் இறங்கி வந்து மரங்களுக்கு நடுவே நடந்து போகும் ஒரு மலைக்காட்டில் சுருளி என்றோர் அலங்கு வாழ்ந்து வந்தது. அலங்கைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? உடம்பு முழுக்க ஓடு வேய்ந்தது போலச் செதில் இருக்கும். வாயில் ஒரு பல்கூட இருக்காது. நீண்ட நாக்கை நீட்டி எறும்பையும் கறையானையும் நக்கித் தின்னும். முன்னங்கால் நகங்கள் மண்வெட்டி போல இருக்கும்.

அந்தக் காட்டுக்குக் குளிர்காலம் வந்தால் லேசில் போகாது. புல் கருகிவிடும். மரம் மொட்டையாகிவிடும். விடிந்து பார்த்தால் தரையெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பூ என்று சொல்ல ஒன்றும் இருக்காது. விலங்குகள் எல்லாம் வளையிலும் பொந்திலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒரு குளிர்காலத்தில், எறும்பு தேடிப் போன சுருளி ஓடைக்கரையில் சட்டென்று நின்றுவிட்டது. உறைபனிக்கு நடுவே சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி மணி போல இருந்தது.

"இந்தக் குளிரிலா பூக்கிறாய்?" என்று சுருளி கேட்டது.

மண்ணைக் கிளறிப் பார்த்தால், அடியில் பூண்டுப் பல் அளவுக்குக் கிழங்குகள். அதில் ஒரு கொத்தை மண்ணோடு அள்ளி, இலையில் சுருட்டி எடுத்து வந்தது. தன் வளை வாசலில், இலையுதிர்ந்த மரத்தின் கீழே குழி தோண்டி நட்டது. மேலே மக்கிய சருகைப் பரப்பியது. வெயில் படும் பாறை ஓரத்தில் செவ்வந்தியையும் ஊதா நிற டிசம்பர் பூவையும் கொண்டுவந்து வைத்தது.

அடுத்த குளிரில், காடே வெறிச்சென்று கிடந்தபோது, சுருளியின் வாசலில் மட்டும் பூ இருந்தது. காட்டில் எல்லோரும் அந்த வெள்ளைப் பூவுக்குப் பனிமணி என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் வந்தது மரநாய். அதற்கு வேலை என்றால் வேப்பங்காய். பேச்சு மட்டும் தேன்.

"அக்கா! இது என்ன அதிசயம்!" என்று மரநாய் கண்ணை அகல விரித்தது. "இந்தப் பனியில் பூ பூக்கிறதென்றால் அது மண்ணின் வேலையா, விதையின் வேலையா? இல்லவே இல்லை. உன் கைராசி அக்கா, கைராசி! ஒரே ஒரு தடவை என் தோட்டத்திலும் கையை வைத்துவிட்டுப் போயேன்."

சுருளியை அதுவரை எல்லோரும் "ஏய் எறும்புதின்னி" என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். அதனிடம் யாரும் நல்ல வார்த்தை பேசியதில்லை. கைராசி என்ற சொல்லைக் கேட்டதும் அதன் நெஞ்சு குளிருக்கு இதமாகச் சூடேறியது.

"அதற்கென்ன தம்பி, வருகிறேன்" என்றது.

போனது, தோண்டியது, நட்டது. மரநாய் கிளைமேல் படுத்து வாலை ஆட்டிக்கொண்டே, "ஆகா, என்ன கை! என்ன கை!" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த குளிரில் மரநாயின் தோட்டத்திலும் பனிமணி பூத்தது. "நான்தான் சொன்னேனே, எல்லாம் சுருளி அக்காவின் கைராசி. அந்தக் கை படாமல் இந்தப் பூ வராது!" என்று மரநாய் காடெங்கும் சொல்லிக்கொண்டு திரிந்தது.

அவ்வளவுதான். முயல் வந்தது. "அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது, நான் நட்டால் செத்துப்போகும். நீ வந்தால்தான் சரி" என்றது. மிளா மான் வந்தது. "எனக்குக் குனிய வராது. உன் கையாலேயே வைத்துவிடு" என்றது. காட்டுக்கோழி வந்தது. "எல்லார் வீட்டுக்கும் போகிறாய், என் வீடு மட்டும் கசக்கிறதா?" என்றது.

சுருளி யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

குளிர் வருமுன் எல்லார் தோட்டத்திலும் குழி தோண்ட வேண்டும். சருகு சுமந்து போட வேண்டும். நெருங்கி வளர்ந்த கொத்துகளைப் பிரித்து வேறிடத்தில் நட வேண்டும். ஒரு தோட்டத்தை முடித்து நிமிர்ந்தால் அடுத்த தோட்டத்திலிருந்து கூப்பிடுவார்கள். கூட வந்து ஒரு பிடி மண் தள்ளியவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் பக்கத்தில் நின்று புகழ்ந்தார்கள்.

பூ வராவிட்டாலோ, திட்டும் சுருளிக்குத்தான்.

"பூ வாடினதும் இலையை மேய்ந்துவிடாதே அண்ணே. இலை தானாகப் பழுக்கட்டும். அதுதான் கிழங்குக்குச் சாப்பாடு" என்று சுருளி மிளாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. மிளா ஒரே காலையில் அத்தனை இலையையும் மேய்ந்தது. மறுவருடம் பூ வரவில்லை.

"என்ன சுருளி, இப்போதெல்லாம் உன் கை சரியில்லை போலிருக்கிறதே?" என்றது மிளா.

காட்டுக்கோழி இன்னும் மோசம். "முயல் வீட்டில் அத்தனை பூ, என் வீட்டில் இத்தனூண்டு. மனசே இல்லாமல் நட்டிருப்பாய்" என்றது.

சுருளிக்கு அலுத்துப்போயிற்று. காலையில் எழுந்தால் தோள் வலித்தது. நகம் தேய்ந்து மழுங்கியது. கைராசி என்ற சொல்லைக் கேட்டால் இப்போது நெஞ்சு சூடேறவில்லை. யாரோ முதுகில் மூட்டையை ஏற்றுவது போலத்தான் இருந்தது. ஆனாலும் யாராவது கூப்பிட்டால் கால் தானாகக் கிளம்பிப் போனது.

அந்த வருடம் சுருளிக்குக் குட்டி பிறந்தது. செதில் இன்னும் முற்றாத, வெளிறிய சின்னக் குட்டி. தாயின் வால்மேல் தொற்றிக்கொண்டே எங்கும் போகும்.

'குளிர் வருமுன் வளையை ஆழமாக்க வேண்டும்' என்று சுருளி நினைத்தது. அதன் வளை ஆழமில்லாமல் இருந்தது. தனியாக இருந்தவரை அது போதும். குட்டிக்குப் போதாது. உறைபனி எட்டாத ஆழத்துக்குத் தோண்டிச் சருகு பரப்பினால்தான் குட்டி தாங்கும்.

அன்று தோண்டத் தொடங்கலாம் என்று கையை ஓங்கியபோது மரநாய் வந்து நின்றது.

"அக்கா, என் தோட்டத்தில் கிழங்கு பெருத்து நெருக்கியடிக்கிறது. பிரித்து நட வேண்டும்."

"இந்த வருடம் என்னால் முடியாது தம்பி. குட்டி இருக்கிறது. வளை தோண்டவில்லை."

"ஐயையோ! உன்னை யார் உழைக்கச் சொன்னது? நீ வந்து மண்ணைத் தொட்டுக் கொடுத்தால் போதும். மீதியெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். ராசியான கை அக்கா இது!" என்று சொல்லி, சுருளியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது மரநாய்.

தொட்டுக் கொடுக்கப் போன சுருளிதான் முதல் குழியைத் தோண்டியது. இரண்டாவதையும் அதுதான் தோண்டியது. "நான் தோண்டினால் கோணலாகிறது பார் அக்கா" என்று மரநாய் கிளையேறிவிட்டது. வேலை முடியும்போது வெயில் இறங்கிவிட்டது.

அன்றைக்கென்று பார்த்துக் குளிர் முன்கூட்டியே வந்துவிட்டது.

சுருளி ஓட்டமும் நடையுமாக வளைக்குத் திரும்பியது. தரை இறுகிக் கல்லாகியிருந்தது. தோண்டிப் பார்த்தது. நகம் ஒன்று முறிந்தது. வால்மேல் இருந்த குட்டி வெடவெடவென்று நடுங்கியது.

"அம்மா, வீடு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?" என்று குட்டி கேட்டது.

சுருளி குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டது. குட்டியின் நடுக்கம் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு அறவே நின்றுவிட்டது. நடுக்கம் நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல், சுருளி அதன் முகத்தில் மூச்சை ஊதிக்கொண்டே கிடந்தது.

விடிந்தபோது குட்டி கண்ணைத் திறந்தது. மெல்ல இருமியது. பால் குடிக்க வாயைத் தேய்த்தது.

சுருளி அழக்கூடத் தெம்பில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் வாசலில் கூட்டம் கூடியது. முயல், மிளா, காட்டுக்கோழி எல்லாம் வந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால், வேடிக்கை பார்க்க மரநாயும் வந்திருந்தது.

"அக்கா, குளிர் வந்துவிட்டது. என் தோட்டத்தில் இன்னும் ஒரு கிழங்குகூடப் பிரித்து நடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது" என்றது முயல்.

"மரநாய்க்கு மட்டும் நேற்றே முடித்துக் கொடுத்தாயாமே?" என்றது காட்டுக்கோழி.

சுருளி வாசலுக்கு வந்தது. எல்லோர் முகத்தையும் பார்த்தது. ஒருவர் கண்ணும் அதன் முறிந்த நகத்தையோ இருமும் குட்டியையோ பார்க்கவில்லை. கடைசியாக மரநாயைப் பார்த்தது.

"வரக் கூடாதென்று இல்லை. வந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றது சுருளி. "என் கைராசி போய்விட்டது."

"போய்விட்டதா! எங்கே?"

"நேற்று மரநாய்த் தம்பி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அத்தோடு அவனிடம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நகமே முறிந்துவிட்டது, பாருங்கள். ராசியைப் பற்றி இந்தக் காட்டில் அவனுக்குத் தெரிந்ததுபோல் யாருக்குத் தெரியும்? அவனையே கேளுங்கள்."

எல்லாத் தலைகளும் மரநாயின் பக்கம் திரும்பின.

மரநாய்க்கு முதலில் பெருமை தாங்கவில்லை. மீசையை நீவிக்கொண்டது. "எனக்கும் ஒரு மாதிரி கை குறுகுறுவென்றுதான் இருந்தது" என்றது.

"அப்படியானால் வா அண்ணே, என் தோட்டத்துக்கு வா!" என்று முயல் அதன் கையைப் பிடித்தது.

"முதலில் எனக்கு!" என்று மிளா முன்னால் வந்து நின்றது.

"உழைக்க வேண்டாம் அண்ணே, தொட்டுக் கொடுத்தால் போதும். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றது காட்டுக்கோழி.

மரநாயைத் தள்ளாத குறையாகக் கூட்டிப் போனார்கள். வாசல் காலியானது. கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறித் தரை மெல்ல இளகியது. சுருளி குட்டியை வெயிலில் கிடத்திவிட்டு, தன் வளையைத் தோண்டத் தொடங்கியது. முறிந்த நகம் வலித்தது. ஆனாலும் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, தனக்காக ஒரு கை மண் அள்ளியது.

முயலின் தோட்டத்தில் மரநாய் குனிந்து ஒரு குழி தோண்டியது. நிமிர்ந்தது. முயல் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றது. "ஆகா, என்ன கை!" என்றது.

"நீயும் தோண்டேன்" என்றது மரநாய்.

"நான் தொட்டால் ராசி கெட்டுவிடுமே அண்ணே."

இன்னும் சில குழிகள் ஆயின. மரநாயின் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியது. இடுப்பு பிடித்துக்கொண்டது. "எவ்வளவு நேரம்? என் தோட்டம்தான் பெரியது, தெரியுமா?" என்று மிளா பின்னாலிருந்து அதட்டியது. "குழி ஆழம் போதாது. மனசே இல்லாமல் தோண்டுகிறாய்" என்று காட்டுக்கோழி குற்றம் சொன்னது.

மரநாய் கையிலிருந்த கிழங்கை வீசி எறிந்தது.

"கைராசியாவது மண்ணாங்கட்டியாவது!" என்று கத்தியது. "குழி தோண்டிச் சருகு போட்டு, மேயாமல் மிதிக்காமல் விட்டால் யார் நட்டாலும் இந்தப் பூ பூக்கும்! ஆளாளுக்குக் கை இல்லையா? கால் இல்லையா? போய்த் தோண்டுங்கள்!"



பிறகு முயல் மெதுவாகக் கேட்டது: "அப்படியானால் இத்தனை வருடமாகச் சுருளி அக்கா கை பட்டால்தான் பூக்கும் என்று ஏன் சொன்னாய்?"

மரநாய் பக்கத்து மரத்தில் விறுவிறுவென்று ஏறி இலைக்குள் மறைந்துவிட்டது.

மற்றவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒவ்வொன்றும் தன் தோட்டத்துக்குப் போயிற்று. காட்டுக்கோழி காலால் கிளறியது. மிளா குளம்பால் கீறிப் பார்த்தது. முணுமுணுத்துக்கொண்டே என்றாலும், அவையே நட்டன. சுருளியிடம் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தக் குளிரில் மிளாவின் தோட்டத்தில் பனிமணி கோணல் மாணலாக வந்தது. காட்டுக்கோழிக்கு ஏதோ கொஞ்சம் வந்தது. மரநாயின் தோட்டத்தில், சுருளி நட்டவை எல்லாம் பூத்தன. ஆனால் அதைப் பார்த்துப் பெருமையடிக்க மரநாய் கீழே இறங்கவில்லை.

முயல் ஒரு நாள் சுருளியின் வாசலுக்கு வந்தது. உள்ளே ஆழத்தில், சருகு மெத்தைமேல் குட்டி உருண்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் இருமல் நின்றிருந்தது. சுருளி வெயிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

முயல் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டது:

"அக்கா, தோட்ட வேலை செய்தால் இடுப்பு இவ்வளவு வலிக்குமா?"

"வலிக்கும்" என்றது சுருளி, கண்ணைத் திறக்காமலே.

நீதி: உன் கையைப் புகழ்ந்துகொண்டே தன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரிடம் எச்சரிக்கையாக இரு.