டயரில் ஒட்டிய சோறு

லாரிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவர்தான் வாத்தியார். ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். அப்படித்தான் ஐம்பது வயது மருதாசலத்துக்கு முப்பத்தாறு வயது நவமணி வாத்தியார் ஆனாள்.

மருதாசலம் அதுவரை கல்யாணச் சமையல்காரர். அவர் கை ரசத்துக்காகவே முகூர்த்தத்தைத் தள்ளிவைத்த வீடுகள் உண்டு என்று சங்ககிரிப் பக்கம் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் ரசம் அப்படித்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் நவமணியின் லாரி ஷெட்டுக்கு வந்து நின்றார்.

"வண்டி கத்துக்கணுங்க."

"இந்த வயசுலயா? எதுக்குங்ண்ணா?"

"ஒரே ஒரு விஷயம் தெரியணும். டிரைவர் சீட்டுல உக்காந்தா, வண்டிக்கு முன்னாடி இருக்கற கொழந்த தெரியுமா, தெரியாதா?"

நவமணிக்கு விளங்கிவிட்டது. ஊரறிந்த கதைதான் அது.

மருதாசலத்துக்குக் காலம்போன காலத்தில் பிறந்த ஒரே மகள் குயிலி. ஆறு வயது. ஒரு கல்யாண மண்டபத்தில் அடுப்படியெல்லாம் புகை மண்டிக் கிடந்தது. "கண்ணு எரியும் சாமி, வெளிய போயி வெளையாடு" என்று அனுப்பியவர் அவர்தான். கை நிறைய வாழைப்பூ மடல்களையும் அவர்தான் கொடுத்தார். அரிசி இறக்க வந்த லாரி பின்வாசலில் நின்றது. வெயிலுக்குப் பிள்ளை அதன் நிழலில், இடது முன்சக்கரத்துக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்து, மடல்களை வரிசையாக வைத்துப் படகு விட்டுக்கொண்டிருந்தாள். மூட்டை இறக்கியாயிற்று. டிரைவர் அய்யாவு ஏறினான், கிளப்பினான். அவ்வளவுதான்.

கோர்ட்டில் அய்யாவு சொன்னது ஒரே பேச்சு. "நான் பாக்கலீங்க."

"புளுகு" என்றார் மருதாசலம் நவமணியிடம். "அத்தனை உசரத்துல உக்காந்திருக்கான். எதுக்க அவ்வளவு பெரிய கண்ணாடி. ரோடே தெரியுது, எம் புள்ள மட்டும் தெரியலையாமா? அவன் பாத்துட்டே ஏத்தியிருந்தா, நான் அவனை உடமாட்டேன்."

பையைத் திறந்து காட்டினார். காய் நறுக்குகிற கத்தி. புதிதாகச் சாணை பிடித்திருந்தது.

நவமணி கத்தியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் பதில் சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன். டிரைவரை டிரைவர் விட்டுக்குடுக்க மாட்டீங்க."

"அப்ப கிளீனரா ஏறுங்க. கத்தி சமையல் பொட்டியிலயே கெடக்கட்டும். வெங்காயம் அரியணுமில்ல."

ஏறினார். தார்ப்பாய் போர்த்தினார், கயிறு இழுத்து இழுத்துக் கை காய்த்துப் போனது. சாலையோரத்தில் அடுப்பு மூட்டிச் சோறாக்கினார். ஆயிரம் பேருக்கு ஆக்கிய கைக்கு இரண்டு பேருக்கு அளவு வரவில்லை, பாவம். "ஏனுங்ண்ணா, பந்திக்கு இன்னும் ஆளு வருதா?" என்று நவமணி கேலி செய்வாள். அவர் சிரிக்க மாட்டார். மகள் போன பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

வண்டி கிளம்பும் முன் ஒவ்வொரு தடவையும் அவர் கையில் ஓர் இரும்புக் கம்பியைக் கொடுப்பாள். அவர் வண்டியைச் சுற்றிவந்து டயர்களைத் தட்ட வேண்டும். முன்பக்கம் வந்து குனிந்து பார்க்க வேண்டும். பிறகு கதவைத் தட்டி, "போலாம்" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வராமல் நவமணி கியர் போட்டதே இல்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற வேலை, வேறென்ன, என்றுதான் மருதாசலம் நினைத்திருந்தார்.

கேள்வியை மட்டும் அவர் விடவில்லை.

"வாத்தியாரே, தெரியுமா தெரியாதா?"

"டயரைத் தட்டியாச்சுங்களா?"

"ஆச்சு."

"குனிஞ்சு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப ஏறுங்க."

அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார்.

அய்யாவு அந்த நாளுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கரூர் ரோட்டில் பஞ்சர் கடை போட்டுவிட்டான். லாரிக்காரன் லாரியை விட்டான், சமையல்காரர் லாரியைப் பிடித்தார். என்ன கூத்து பாருங்கள். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் மருதாசலத்தின் தாடை இறுகும். நவமணி அங்கே ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை.

வருஷம் ஓடிவிட்டது. வெறும் மைதானத்தில் நவமணி ஸ்டியரிங் பழக்க, மருதாசலத்துக்கு லாரி ஓட்ட லைசென்ஸ் கிடைத்தது. அந்த வாரமே ஒரு மத்தியானம், பஞ்சர் கடைக்குக் கூப்பிடு தூரத்தில் நவமணி வண்டியை ஓரங்கட்டினாள்.

"பசிக்குதுங்ண்ணா. இங்கயே ஆக்குங்க."

ஆக்கினார். அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. எதிரே கடை வாசலில் அய்யாவு குத்தவைத்து, ஏதோ ஒரு சக்கரத்தைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். சமையல் முடிந்ததும் சோற்றுப் போசி தவிர மற்ற பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போனது. கத்தி போகவில்லை. அதைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். நவமணி பார்த்தாள்.

"இங்கிருந்து நீங்க ஓட்டுங்க" என்றாள்.

"நெசமாவா?"

"ஆமா. நான் கையக் கழுவிட்டு வர்றேன்."

கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

மருதாசலம் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கம்பியைப் பக்கத்தில் போட்டார். ஓட்டுகிற ஆளே சுற்றிவருவாரா என்ன, அது கீழே இருப்பவர் பார்க்கிற வேலை. உயரத்திலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கடை, அய்யாவுவின் கிழிந்த பனியன், அவன் பிடரி. வலப்பக்கக் கண்ணாடியில் நவமணி கை கழுவிக்கொண்டிருந்தாள். முன்னால் வெறும் ரோடு. அவருக்குக் கண்ணும் மனசும் அந்தக் கடை மேல்தான் இருந்தது. நேரே போய் வாசலில் நிறுத்தி இறங்க வேண்டும். கிளப்பினார். வாத்தியார் ஏறக்கூட இல்லை. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார்.

இடது முன்சக்கரத்தடியில் எதுவோ நொறுங்கியது.

ஐயோ என்று பிரேக்கை மிதித்தார். குதித்து, விழுந்தடித்து அந்தப் பக்கம் ஓடினார்.

சோற்றுப் போசி. சற்று முன் அவர் வடித்து வைத்த சோறு. போசி தகடாகக் கிடந்தது. ஆவி அடங்காத பருக்கைகள் தாரில் அரைபட்டு, டயரில் அப்பியிருந்தன. சக்கரத்தை ஒட்டி, குயிலி உட்கார்ந்திருந்த அதே இடம்.

நவமணி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"நீங்க ஏறறப்ப போசியை நாந்தான் அங்க வெச்சேன். என்னங்ண்ணா, ஏத்திட்டீங்களே?"

"நான் பாக்கலீங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே தாரில் உட்கார்ந்துவிட்டார். "எஞ்சாமி, எஞ்சாமி" என்று பிள்ளையைச் சொல்லி அழுதார். மண்டபத்தில் அன்றைக்கு வராத அழுகை அது. நவமணி தடுக்கவில்லை.

அழுகை ஓய்ந்தபோது கேட்டார்.

"அப்ப அவன் சொன்னது நெசந்தானுங்களா?"

"நெசந்தான். சீட்டுல இருந்து இந்த எடம் யாருக்கும் தெரியாது."

"அவனுக்கு அது தெரியுமா?"

"வண்டி ஓட்டற எல்லாத்துக்கும் தெரியும்."

"அப்ப அவன் மேல தப்பா, இல்லையா? அதையாச்சும் சொல்லுங்க வாத்தியாரே."

நவமணி வண்டியில் ஏறினாள். சீட்டில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்க எறங்கிப் பாத்தீங்களா?"

மருதாசலம் கம்பியைப் பார்த்தார். வாங்கக் கை வரவில்லை. கடையில் சுத்தியல் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அய்யாவு இன்னும் இந்தப் பக்கம் தலை நிமிரவில்லை.

இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்தார். கத்தி வெயிலில் பளபளத்தது.

"அப்ப இத நான் என்ன பண்ணட்டும்?"

"டயர்ல சோறு ஒட்டியிருக்குதுங்ண்ணா" என்றாள் நவமணி. "சொரண்டி எடுங்க."