குன்றைப் பார்த்த ஏரியல்

ஈப்போ நகரத்தின் ஓசை எட்டாத தொலைவில், ஒரு சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில், குகைக் கோயில் முருகனை அண்டி ஓர் அன்பகம் நடந்துவந்தது. ஆதரவற்ற முதியவர்களுக்கு அங்கே சோறும் கட்டிலும் உண்டு. அதை நடத்தியவர் சாந்தநாயகி அம்மையார்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தனபாலன், அவரைவிட வயதில் மூத்தவர். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானத்துக்கு வயது வரிசை கிடையாது என்று நம்பினார். நல்லதை உரக்கச் சொன்னால் நல்லது நடக்கும் என்றும் நம்பினார்.

அந்த அன்பகத்துக்கு வீரையா வந்தார். ஆயுள் முழுக்க லோரி ஓட்டியவர். மனைவியை அடக்கம் செய்த கையோடு வந்தவர், கஞ்சித் தண்ணீருக்கு மேல் எதையும் தொடவில்லை. மருத்துவர் வந்து பார்த்தார். நோய் ஒன்றுமில்லை, ஆனால் இப்படியே விட்டால் மனிதர் தங்கமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மையார் அவரைத் தனபாலனின் பொறுப்பில் ஒப்படைத்தார்.

தனபாலன் அவருக்கு எடுத்துச் சொன்னார். வாழ்வின் நிலையாமையைச் சொன்னார். இருக்கும்வரை உடம்பைப் பேணும் கடமையைச் சொன்னார். வீரையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனபாலன் குரலை உயர்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க வாத்தியாரே. எனக்குப் பசிதான் இல்ல. காது நல்லாத்தான் இருக்கு."

வீரையா தாமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை மாலை மாநில அணி பந்தாட்டத்தின் இறுதியாட்டத்தில் இறங்குகிறது. அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். தனபாலனுக்கு ஒரு கதவு திறந்ததுபோல் இருந்தது. ஆட்டம் பார்த்தால் மனம் இளகும், மனம் இளகினால் வாய் திறக்கும் என்று எண்ணினார்.

ஆனால் அன்பகத்துத் தொலைக்காட்சியில் படம் நிற்பதில்லை. கட்டங்கட்டமாக உடையும், ஒருவனுடைய கால் ஓரிடத்தில் உறையும், தலை வேறிடத்தில் உறையும். பெட்டிமேல் வைத்திருந்த சிறிய ஏரியல்தான் காரணம் என்று முடிவுகட்டிய தனபாலன், டவுனுக்குப் போய் இருப்பதிலேயே நீளமானதைக் கேட்டார். ஒளிபரப்புக் கோபுரம் உங்களுக்கு எந்தப் பக்கம் என்று கடைக்காரர் கேட்டார். சிறிய ஏரியல் நாலா பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கும், நீளமானது தான் பார்க்கும் பக்கத்தை மட்டுமே வாங்கும் என்றும் விளக்கினார். தனபாலன் பணத்தைக் கொடுத்துவிட்டு அலையைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்றையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்.

சனிக்கிழமை காலையிலேயே கூரை ஏறினார். கம்பத்தை நட்டு, ஏரியலைக் குகைக் கோயிலுக்கு நேராகத் திருப்பிப் பொருத்தினார். அன்பகத்தில் அதுதான் முறை. கட்டிலோ நாற்காலியோ எதுவும் சன்னதிக்கு முதுகு காட்டாது. தனபாலன் யாரோடு பேசினாலும் சன்னதியைப் பார்த்தபடிதான் உட்காருவார்.

படம் வரவில்லை. பூஸ்டரைப் பூட்டினார். இருந்த கட்டங்களும் மறைந்து திரை கறுத்தது. நண்பகல் கடந்தும் கூடத்துக்கும் கூரைக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அவர் கூரைமேல் இருந்தபோது அம்மையார் வந்து ஏணியடியில் நின்றார்.

"என்ன ஆயிற்று?"

"ஏரியலைப் பெரிதாக்கினேன், அம்மா. கேபிளை மாற்றினேன். பூஸ்டரும் போட்டாயிற்று. தொலைக்காட்சியின் டிகோடரில் சிக்னலின் வலிமையைக் காட்டும் கோடு முழுதாக நிற்கிறது. படத்தைத்தான் காணோம்."

"கோடு ஒன்றுதானா?"

"இன்னொன்று தரத்தைக் காட்டுவது. அது எழவே இல்லை."

"பூஸ்டர் எதைப் பெருக்குகிறது?"

"வருவதை."

"வருவது என்ன?"

தனபாலன் கம்பத்தைப் பிடித்தபடி ஏரியலை நிமிர்ந்து பார்த்தார்.

"உயரத்தில்தானே நிற்கிறீர்கள்? சாலைக்கு அந்தப் பக்கத்துக் கூரைகளைப் பாருங்கள்."

பார்த்தார். சீனர்களின் கடைவீடுகள், அவற்றுக்கு அப்பால் கம்பம் எனப்படும் கிராமத்து வீடுகள். கூரைக்குக் கூரை ஏரியல்கள். அத்தனையும் நகரத்துக்கு அப்பாலுள்ள மலையை நோக்கி நின்றன. அதன் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் ஊசிபோல் தெரிந்தது.

"எல்லாம் தெற்கே பார்க்கின்றன."

"நம்முடையது?"

"குன்றைப் பார்க்கிறது." அவரே தொடர்ந்தார்: "பாறையில் பட்டுத் திரும்புகிற சிதறலைத்தான் இது வாங்கிக்கொண்டிருக்கிறது போலும்."

"திருப்பிவிடுங்கள்."

"திருப்பினால் முருகனுக்கு முதுகு காட்டும், அம்மா."

"கூரையில் ஏறியது கும்பிடவா, வருவதைக் கேட்கவா?"

தனபாலன் திருகாணியைத் தளர்த்தினார். ஏரியல் மெல்லச் சுழன்று தெற்கே நின்றது. பூஸ்டரை என்ன செய்வது என்று கேட்டார். வைத்தும் பாருங்கள், எடுத்தும் பாருங்கள் என்றார் அம்மையார். வைத்தபோது, நேராக வந்து விழுந்த அலையின் வலிமை தாங்காமல் படம் திணறியது. எடுத்தபோது தெளிந்தது. திடலின் புல் பச்சையாகத் தெரிந்தது.

வீரையாவைக் கூடத்துக்கு அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். தொலைக்காட்சி சன்னதிப் பக்கச் சுவரில் இருந்தது. அவருக்குப் பின்னால், வழக்கமான இடத்தில், தனபாலன் உட்கார்ந்தார். ஆட்டம் முடியும்வரை படம் ஒரு முறைகூட உடையவில்லை. மாநில அணிதான் கடைசி நிமிடங்களில் தோற்றுப்போனது.

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. வீரையா தட்டைத் தள்ளி வைத்தார். வெற்றி தோல்வியைச் சமமாகக் கொள்வது பற்றித் தனபாலன் தொடங்கினார். வீரையா கண்களை மூடிக்கொண்டார்.

தனபாலன் வாசலில் நின்ற அம்மையாரிடம் வந்தார். அவர் முகம் களைத்திருந்தது.

"படம் வந்தது. அவர் சாப்பிடவில்லை. இதற்கு மேல் அவருக்கு எப்படிச் சொல்வது, அம்மா?"

"ஆட்டத்தின்போது அவர் ஏதாவது சொன்னாரா?"

"முதல் கோல் விழுந்தபோது பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைத் தட்டினார். ஏதோ சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"எனக்குக் கேட்கவில்லை. நான் பின்னால் இருந்தேன்."

"ஏன் பின்னால்?"

"முன்னால் உட்கார்ந்தால் சன்னதிக்கு..."

தனபாலன் நிறுத்தினார்.

அவர் உள்ளே போனார். ஒரு நாற்காலியை இழுத்துச் சன்னதிக்கு முதுகு காட்டி, வீரையாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அந்த முகத்தை அவர் இவ்வளவு அருகில் பார்த்ததில்லை. நல்ல வாக்கியம் ஒன்று நாவுக்கு வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"கோல் விழுந்தப்ப நாற்காலியத் தட்டினீங்களே. என்ன சொன்னீங்க?"

வீரையா கண்ணைத் திறந்தார். தனபாலன் காத்திருந்தார்.

"'பாத்தியா காத்தாயி'ன்னேன். எப்பவும் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிப்பா. எந்தச் சட்ட நம்ம ஆளுங்கன்னு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கேப்பா. கடைசி வரைக்கும் அவளுக்குப் பிடிபடல."

அவர் சிரித்தார். பிறகு மெல்லச் சொல்லிக்கொண்டே போனார். குவாந்தானுக்குச் சரக்கு ஏற்றிப் போன நாட்கள், மலைப்பாதையில் லோரி படுத்துவிட்ட நாட்கள், எந்நேரம் வந்து கதவைத் தட்டினாலும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த காத்தாயி.

"வீட்டுல நான் தனியாச் சாப்பிட்டதே இல்ல வாத்தியாரே." அவர் தனபாலனை ஏற இறங்கப் பார்த்தார். கையில் துரு, சட்டையெல்லாம் கூரை அழுக்கு. "நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"காலையிலேருந்தா?"

தனபாலன் தலையசைத்தார். வீரையா தட்டைத் தம் பக்கம் இழுத்தார். ஓர் இடியாப்பத்தைப் பிட்டுப் பாதியைத் தனபாலனின் கையில் வைத்தார். தீபத்தட்டு ஏந்தும் முறை வரும் நாளில், பூசைக்கு முன் வாயில் எதையும் இடுவதில்லை என்பது தனபாலனின் நோன்பு. ஒரு கணம் கையைப் பார்த்தார். பிறகு வாயில் இட்டார். மீதிப் பாதியைத் தேங்காய்ப்பாலில் தோய்த்து, வீரையாவும் உண்டார். அடுத்ததைப் பிட்டார்.

"அப்புறம் ஒரு தடவ என்னாச்சு தெரியுமா..."

அப்போது குகைக் கோயிலில் மணி அடித்தது. அன்று தீபத்தட்டை ஏந்துவது தனபாலனின் முறை. எச்சில் கையோடு அவர் பாதி எழுந்தார். கதவருகே அம்மையார் நின்றிருந்தார்.

"அம்மா, பூசைக்கு நேரமாகிவிட்டது."

"இங்கே தொடங்கிவிட்டது. நடுவில் எழாதீர்கள்."