வெளிநிலம் யாருக்கு?

எங்கள் வேதக்கோயில் ஐயர், அதாவது சர்ச்சுப் போதகர், கோயில் நிலத்தைத் தன் பங்கென்று வேலி போட்டுவிட்டார். கோயில் பெருக்கும் ஞானப்பூவின் ஆடுகளுக்கு மேய்ச்சல் போயிற்று.

ஆராதனை முடிந்ததும் அவள் எழுந்தாள்.

"ஐயரே, ஆசாரியருக்கு நிலத்தில் பங்கில்லைன்னு பைபிள்ல எண்ணாகமத்துல இருக்கே?"

"குடியிருக்கப் பட்டணமும் அதைச் சுத்தி வெளிநிலமும் கொடுத்ததா யோசுவாவில் இருக்கே! ரெண்டையும் பொருத்திக் காட்டு, வேலியை நானே பிடுங்குறேன்," என்று சபை முன்னால் சிரித்தார்.

"பொருந்தித்தான் இருக்கு. வெளிநிலம் யாருக்குன்னு சத்தமா வாசிங்க."

ஐயர் வாசித்தார். "மிருகஜீவன்களுக்காக..." குரல் இறங்கிவிட்டது.

"ஆசாரியருக்குப் பங்கில்லை, அவர் மாட்டுக்குத்தான் மேய்ச்சல். உங்ககிட்ட இருக்கிறது காரு ஒண்ணுதானே ஐயரே, அது புல்லு தின்னுமா?"

சபை மொத்தமும் "ஆமென்" என்றது. ஐயர் கடப்பாரை தேடிப் போனார்.