பாகனைக் கொன்ற யானையும் சொக்கராயரின் மோதிரமும்

கோபத்தை மூக்கு நுனியிலேயே வைத்திருந்த கந்தர்வராயன் என்றொரு ராஜா, முன்னொரு காலத்தில் வெண்கோட்டை நாட்டை ஆண்டுவந்தார். அவருக்குப் பட்டத்து யானை வாங்கப் போனவர் சபையில் இருந்த சொக்கராயர். யானை வாங்குகிறவர்கள் முரசடித்து, தீப்பந்தம் காட்டி, மிரளுகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சொக்கராயரோ வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வாங்கிவிட்டார். வந்த வாரமே முரசுச் சத்தத்துக்கு மிரண்டு, அந்த யானை பாகன் ஒண்டியை மிதித்துக் கொன்றது.

விற்றவன் சொக்கராயருக்கு ரகசியமாக ஒரு வைர மோதிரம் கொடுத்தது பிறகுதான் வெளியே வந்தது. ஒண்டியின் மனைவி பொம்மக்கா சபையில் வந்து கதறினாள்.

"நியாயமான விலைதான் மகாராஜா! தங்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. அவன் அன்பாகக் கொடுத்தான், வாங்கிக்கொண்டேன்" என்றார் சொக்கராயர், கொஞ்சமும் கூசாமல்.

"அதானே! இதில் என்ன தப்பு?" என்றார் ராஜா. தினமும் தன் மீசையைப் புகழ்கிறவரை அவர் விட்டுக்கொடுப்பாரா?

மந்திரி நல்லபெருமாளுக்கு அது பொறுக்கவில்லை. சமயம் பார்த்துக் காத்திருந்தார்.

மறுநாள் அரண்மனையில் விருந்து. ராஜாவின் சாப்பாட்டை முதலில் ருசி பார்க்கும் அப்பண்ணா, எல்லாவற்றிலும் ஒரு வாய் தின்றுவிட்டுத் தலையாட்டினான். ராஜா முதல் கவளத்தை வாயில் போட்டதும் மந்திரி மெல்லச் சொன்னார்: "அப்பண்ணா மடியில் ஒரு மோதிரம் இருக்கிறது மகாராஜா. யார் கொடுத்தது என்று தங்களிடம் அவன் சொல்லவில்லை."

தூ! கவளம் சொக்கராயரின் அங்கவஸ்திரத்தில் போய் விழுந்தது.

"பிடியுங்கள் அவனை!"

"எதற்கு மகாராஜா? சாப்பாடு நன்றாகத்தானே இருக்கிறது? அவனும் தின்றானே. தங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார் மந்திரி.

"ஓய்! என் சோற்றைத் தின்றுகொண்டு எவனிடமோ மறைத்து வாங்கியவனின் நாக்கை நான் எப்படி நம்புவது?"

"பயம் வேண்டாம். அது என் மோதிரம், நான்தான் கொடுத்து வைத்தேன். தங்களால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை. ஒண்டியோ சொக்கராயரை நம்பி யானைக் கழுத்திலேயே ஏறி உட்கார்ந்தான்."

ராஜாவின் முகம் கறுத்தது. "மறைத்து வாங்கினாலே அது லஞ்சம்தான். விலை நியாயமா என்ற பேச்சே வேண்டாம். என் வேலைக்குப் போன இடத்தில் கிடைத்தது எனக்குச் சொந்தம். வியாபாரம் ரத்து! யானையை விற்றவனிடமே திருப்பி ஓட்டுங்கள்!"

சொக்கராயரின் தலைப்பாகையைப் பிடுங்கி வெளியே துரத்தினார்கள். வைர மோதிரம் ராஜாவின் விரலில் ஏறியது. மந்திரிக்குப் பொன்னாடை கிடைத்தது. சபை "ஆகா" என்றது. வாசலில் நின்ற பொம்மக்கா பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

மந்திரிக்கு வெட்கமாகப் போயிற்று. பொன்னாடையை எடுத்துப்போய் அவளிடம் நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

"சாமி, அந்த ஆனை போற எடத்துலயும் ஒரு பாகன் இருப்பானில்ல? அவங்கிட்ட யாரு சொல்லப்போறாங்க?"