நிலா காலியா, கெட்டியா?

அல்லிக்குளத்துத் தவளை தொந்தியப்பனுக்கும் நண்டு கொடுக்குசாமிக்கும் நிலாவால் சண்டை வந்தது. நிலாவுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. வேலை இல்லாதவர்களுக்கு வானமும் பக்கத்து வீடுதான்.

"நிலாவுக்குள்ளே ஒண்ணுமே இல்லை. வெறும் காற்று!" என்றது தவளை. "ஒரு காலத்தில் பூமி பெரிய ஏப்பம் விட்டது. அந்தக் காற்று உப்பி மேலே போனதுதான் நிலா!"

"சுத்தப் பேத்தல்!" என்றது நண்டு. "நிலாவுக்கு மேலே கெட்டி ஓடு. உள்ளே சதை. பூமி ஒரு தடவை ஓடு கழற்றியது. கழற்றிப் போட்ட அந்த ஓடுதான் நிலா!"

"கழற்றிப் போட்ட ஓட்டுக்குள்ளே சதை எங்கேயிருந்து வரும்?"

 நண்டுக்குக் கோபம் வந்தது. கொடுக்கைத் தூக்கிக் காட்டியது.

பக்கத்தில் தண்ணீருக்குள் படுத்திருந்த எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "ரெண்டு எருமை வேகமா முட்டிக்கிட்டா கொம்பு சிதறுது இல்லையா? அந்த மாதிரி பூமி மேல எதுவோ வந்து மோதியிருக்கும். தெறிச்ச சில்லெல்லாம் ஒண்ணு சேர்ந்து நிலா ஆயிருக்கும்" என்றது.

"நீ சும்மா படு!" என்றார்கள் இருவரும். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இதையெல்லாம் கரைமேல் இருந்து ஒரு நரி கேட்டுக்கொண்டிருந்தது. நாலு நாளாக அது அந்தக் கரையில்தான் நடை பழகியது. காரணம், குளத்து நடுவே கோரைப் புதரில் நீர்ப்பறவையான செல்லாயி என்ற நாமக்கோழி ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். கரைக்கும் கூட்டுக்கும் நடுவில் நரியை மூழ்கடிக்கும் அளவுக்குத் தண்ணீர். நரிக்கோ தண்ணீர் என்றால் நடுக்கம்.

"அறிஞர் பெருமக்களே!" என்று நரி குரல் கொடுத்தது. "இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படிச் சில்லறையாகச் சண்டை போட்டு வீணாக்கலாமா? பட்டிமன்றம் வையுங்கள்! நடுவராக நான் இருக்கிறேன்!"

பட்டிமன்றம் என்றால் அல்லிக்குளத்தார் உயிரை விடுவார்கள். தவளைகள் எல்லாம் காலி அணி. நண்டுகள் எல்லாம் கெட்டி அணி. அணியில் இல்லாதவர் வாய் திறக்கக் கூடாது, தீர்ப்பு வரும்வரை யாரும் இடத்தைவிட்டு அசையக் கூடாது என்பது அந்தக் குளத்துக் கட்டுப்பாடு. நரிக்கு நாட்டாமை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்பார்கள். அது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

பிற்பகலில் மன்றம் கூடியது. தொந்தியப்பன் ஒரு மணி நேரம் பேசினான். கொடுக்குசாமி ஒரு மணி நேரம் பேசினான். இரண்டு பேரும் நிலாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவரவர் வயிற்றைப் பற்றித்தான்.

நடுவர் கூழாங்கல்லால் பாறையைத் தட்டினார். "இருவர் பேச்சிலும் தேன் சொட்டுகிறது! ஆனால் சான்று எங்கே? நிலாவுக்கு ஏணி போட முடியாது. நிலா மண். இந்தக் கரையும் மண். கரையைக் குடைந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறதோ, அதேதான் நிலாவுக்குள்ளும்!"

"ஆகா!" என்றது கூட்டம்.

கெட்டி அணியினர் இருபது பேர் கரையைக் குடைந்தார்கள். நண்டுக்குக் குடையச் சொல்லித்தரவா வேண்டும்? ஒரு நொடியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தார்கள். கூடவே தண்ணீரும் வந்தது.

"ஓட்டை இருக்கிறது பார்! அப்படியென்றால் காலி!" என்று குதித்தான் தொந்தியப்பன்.

"யோவ், ஓட்டையைப் போட்டதே நாங்கதான்யா!" என்று கத்தினான் கொடுக்குசாமி.

கூட்டிலிருந்து செல்லாயி பதறிக்கொண்டு நீந்தி வந்தாள். "ஐயா, தண்ணி போகுதுங்க! கரையை அடைங்க!"

நடுவர் கல்லைத் தட்டினார். "குறுக்கே பேசக் கூடாதம்மா. நீ எந்த அணி?"

"நான் முட்டை அணிங்க! தண்ணி வத்திட்டா என் குஞ்சுங்க கதி என்னங்க?"

கூட்டம் கெக்கலித்துச் சிரித்தது. ஒரு தவளை விசில் அடித்தது. "அடுத்த பட்டிமன்றத்துக்கு வாம்மா!" என்றார்கள்.

வாதம் தொடர்ந்தது. ஓட்டை உடைப்பாகப் பெருகியது. நடுவர் அடிக்கடி எழுந்து தண்ணீரில் காலை விட்டுப் பார்த்துக்கொண்டார். முதலில் வயிறுவரை நனைந்தது. பிறகு முழங்கால். சூரியன் சாயும் நேரத்தில் பாதம் மட்டும் நனைந்தது. கிழக்கே நிலா எழுந்தது. நடுவரும் எழுந்தார்.

"தீர்ப்பு! தீர்ப்பு!" என்றது கூட்டம்.

"இதோ!" என்றார் நடுவர், கோரைப் புதரை நோக்கி நடந்துகொண்டே. "நிலா காலியும் இல்லை, முழுக்கக் கெட்டியும் இல்லை. அது ஒரு முட்டை! மேலே வெள்ளை ஓடு, உள்ளே கொழகொழ, நடுவிலே மஞ்சள் கரு. பூமி இட்ட முட்டை! சான்று வேண்டுமா?"

"வேண்டும்!" என்று கத்தினார்கள் எல்லோரும்.

செல்லாயி பறந்து போய்க் கொத்தினாள். நடுவர் அவளை ஒரு காலால் தள்ளிவிட்டு, ஒரு முட்டையைக் கல்லில் தட்டி உடைத்தார். "பாருங்கள், வெள்ளை! பாருங்கள், மஞ்சள்!" என்று காட்டிவிட்டு நக்கி விழுங்கினார்.

கூட்டம் கைதட்டியது. எனக்கு நரிமேல் கூட அவ்வளவு கோபமில்லை. அது பசித்த பிராணி. அந்தக் கைதட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு சான்று போதாது. இரண்டாவதும் பார்த்துவிடலாம்!" என்றார் நடுவர்.

செல்லாயி கதறவில்லை. இந்தக் கூட்டத்தின் காதில் முட்டை ஏறாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என்ன ஏறும் என்றும் புரிந்துவிட்டது.

"தொந்தியப்பண்ணே! தோத்துட்டீங்களே!" என்று கோரைமேல் ஏறி நின்று கூவினாள். "உங்க காத்து புஸ்ஸுன்னு போச்சே! கொடுக்கண்ணே, உங்க ஓடும் சதையும் போச்சே! எங்கேயிருந்தோ வந்த நரி உங்க ரெண்டு பேரையும் முட்டாளாக்கிட்டானே!"

கைதட்டல் நின்றது.

"என்னது, நான் தோற்றேனா?" என்றான் தொந்தியப்பன்.

"ஒருதலைப்பட்சமான தீர்ப்பு!" என்று அலறினான் கொடுக்குசாமி.

முட்டைக்காக ஒரு அடி எடுத்து வைக்காதவர்கள் மானத்துக்காக மொத்தமாகப் பாய்ந்தார்கள். நாற்பது தவளைகள் நரியின் கண்ணிலும் காதிலும் குதித்தன. கொடுக்குசாமி அதன் மூக்கைக் கவ்வினான். மற்ற நண்டுகள் வாலில் தொங்கின. "ஐயோ, நிலா கெட்டிதான்! காலிதான்! நீங்க சொல்றதுதான்!" என்று ஊளையிட்டுக்கொண்டே நரி கரையேறி ஓடியது. பாதி வழி வரை மூக்கில் கொடுக்குசாமியும் போனான்.

செல்லாயி எருமையிடம் ஓடினாள். "அண்ணே, அந்த உடைப்பில கொஞ்சம் படுங்க!"

"தீர்ப்பு வந்துருச்சா? அசையலாமா?"

"வந்து, ஓடியும் போச்சுண்ணே!"

எருமை எழுந்து போய் உடைப்புக்குள் குறுக்கே படுத்தது. தண்ணீர் நின்றது. தவளைகள் தலைகுனிந்து சேறு சுமந்தன. நண்டுகள் பூசி மெழுகின.

செல்லாயி கூட்டுக்குத் திரும்பினாள். ஐந்து நாலாகியிருந்தது. மிச்சம் இருந்ததைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு அழுதாள். அடிமடியில் ஒரு முட்டை குறைந்தால் தாய்க்குத் தெரியாதா?

அப்போது தொந்தியப்பன் மெல்லத் தத்தித் தத்தி வந்தான். ஆறுதல் சொல்லத்தான் வருகிறான் என்று அவள் நினைத்தாள்.

"ஏம்மா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றான் அவன். "உடைச்சப்போ அந்த மஞ்சள் சரியா நடுவிலேதான் இருந்துச்சா, கொஞ்சம் ஓரமாவா?"

செல்லாயி அவன் மண்டையில் நச்சென்று ஒரு கொத்து கொத்தினாள். அதில் எனக்குப் பரம திருப்தி.

நிலாவுக்குள் என்ன இருக்கிறது என்று தாராளமாகப் பேசலாம், ஆனால் காலடியில் கரை உடையும்போது முதலில் கரையை அடைத்துவிட்டு வந்து பேச வேண்டும்.