துரை வாயால் வந்த பட்டம்

கருவேலங்குடி சமஸ்தானத்தில் பட்டத்துக்கு அலைவதில் அரண்மனை அதிகாரியான பேஷ்கார் பொன்னம்பலத்தை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டங்களோடு அவருடைய முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சுடுசோறு ஆறிவிடும்.

ஒருநாள் அரண்மனை விருந்துக்கு வெள்ளைக்காரத் துரை வந்தார். சாப்பிட்ட நேரமெல்லாம் பேஷ்காரின் சுயபுராணத்தைக் கேட்டார். எழுந்து போகும்போது, "இவருக்கு டிஃபெனஸ்ட்ரேஷன்தான் தகும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

பேஷ்காருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஊறுகாய்க்குக்கூடக் காணாது. ஆனாலும் துள்ளிக் குதித்தார்.

"கேட்டீர்களா மகாராஜா! துரையே எனக்குப் பட்டம் சொல்லிவிட்டார்!"

மகாராஜா, ஆங்கிலம் மொழிபெயர்க்கும் துபாஷி திருமேனியைப் பார்த்தார். "என்ன ஓய், அதற்கு என்ன பொருள்? எங்கே பிறந்த சொல்?"

"இவருக்கு எங்கே தெரியப்போகிறது?" என்றார் பேஷ்கார். "துபாஷி வேலைக்கு என் மைத்துனன் தயாராக நிற்கிறான்."

பின்னால் நின்ற மைத்துனன் பணிவாகத் தலையாட்டினான்.

திருமேனிக்குப் பொருள் தெரியும். சொன்னால் பொறாமை என்பார்கள், சொல்லாவிட்டால் வேலை போய்விடும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லத்தீனில் பிறந்த சொல், மகாராஜா. ஐரோப்பாவில் பிராக் என்றொரு நகரம். அங்கே அரண்மனையின் பெரிய பெரிய அதிகாரிகளுக்கே இதைச் செய்தார்கள். சரித்திரத்தில் நின்றுவிட்டது."

"பார்த்தீர்களா!" என்றார் பேஷ்கார்.

"எப்படிச் செய்வது?" என்றார் மகாராஜா.

"திடமான ஆட்கள் நாலு பேர் இவரைத் தூக்க வேண்டும். ஆனால் பேஷ்கார் சம்மதிக்க வேண்டுமே?"

"சம்மதமா? உடனே தூக்கச் சொல்லுங்கள் மகாராஜா!"

தூக்கினார்கள்.

"அடுத்து?"

"மாடத்து ஜன்னல் பக்கம், மகாராஜா. ஜனங்கள் பார்க்க வேண்டாமா?"

பேஷ்கார் வெளியே பார்த்துக் கைகூப்பினார்.

"அடுத்து?"

"விட்டுவிடலாம்."

விட்டார்கள். கீழே லாயத்துக் குதிரைச்சாணம் மலைபோல் குவிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. "ஐயோ, அம்மா!" என்ற சத்தத்தில் பட்டம் ஒன்றும் இல்லை.

மகாராஜா எட்டிப் பார்த்தார். "இதுதான் பொருளா?"

"ஆமாம் மகாராஜா. ஒருவரை ஜன்னல் வழியாக வெளியே எறிவது. பிராக்கிலும் கீழே குப்பைமேடு இருந்ததால் பிழைத்தார்கள் என்று ஒரு பேச்சு."

"வாயால் சொல்லியிருக்கலாமே ஓய்?"

"நம்பியிருப்பீர்களா?"

மகாராஜா யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் துபாஷிக்குப் போர்த்தினார்.

"சரி, உம் வேலைக்கு வந்தானே, அந்த மைத்துனன் எங்கே?"

"அவர் வாசல் வழியாகவே போய்விட்டார், மகாராஜா."