முரசைத் தொடாத யாரிமா

கதை கேட்க வந்தவர்களே, காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். நம் கடலுக்கும் அப்பால், இன்னொரு கடலுக்கும் அப்பால், அமேசான் காட்டுக்குள்ளே முன்னொரு காலத்தில் ஓர் ஆறு ஓடியது. அதன் கரையில் மேலூர், கீழூர் என்று இரண்டு ஊர்கள். மேலூரின் தலைவன் தமாகு. நல்லவன்தான்; கோபம் மட்டும் மூக்குநுனியில் இருக்கும்.

கோடையில் ஆறு வற்றும்போது, அந்த மக்கள் ஒரு காட்டுக்கொடியின் வேரை இடித்துத் தண்ணீரில் கரைப்பார்கள். அதன் பால் பட்டதும் மீன்கள் மயங்கி மிதக்கும். ஆனால் பச்சைக் குழந்தைக்கு அது ஆகாது. அதனால் முதலில் மரமுரசை மும்மூன்று அடியாக அடித்துக் கீழூருக்குச் சொல்வது வழக்கம். அவர்கள் நல்ல தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டு, மிதந்து வரும் மீனைத் தடுக்க ஆற்றின் குறுக்கே தட்டி கட்டுவார்கள். மீன் இரண்டு ஊருக்கும் பொது.

அந்த வருஷம் தமாகு முரசடிக்க விடவில்லை. கீழூரில் இருந்த அவன் சகலை கோவேனா, விருந்தில் இவனுக்கு மரியாதைக்கு வைக்கும் மீன்தலைக்குப் பதில் வாலை வைத்துவிட்டானாம். இவ்வளவுதான் விஷயம்.

தமாகுவின் மனைவி யாரிமா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"தங்கச்சி அந்தத் தண்ணியிலதான் பிள்ளையைக் குளிப்பாட்டுறா," என்றாள்.

"ஒரு நாள் குளிக்காட்டி என்ன?"

"சொன்னாத்தானே குளிக்காம இருப்பா?"

"முரசை யாரும் தொடக் கூடாது. சொல்லிட்டேன்."

யாரிமா தொடவில்லை. வேர் இடிப்பது பெண்கள் வேலை. உள்ளே பொந்தாகிப் போன அடிமரம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன்மேல் வேரைப் பரப்பினாள். இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு உலக்கையை எடுத்தாள். மூன்று இடி, ஒரு மூச்சு. மூன்று இடி, ஒரு மூச்சு. காடே அதிர்ந்தது.

தமாகு ஓடி வந்தான். "முரசைத் தொட்டது யாரு?"

"யாரும் தொடலையே. வேர்தான் இடிக்கிறோம்."

அவன் வந்த வழியே திரும்பிப் போனான்.

வேரைக் கரைத்தார்கள். மேலே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும். ஆறு திடீரென்று வேகமெடுத்தது. மயங்கிய மீனெல்லாம் மேலூர்க் கூடைகளுக்குத் தப்பிக் கீழே போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. தமாகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

பொழுது சாயும் நேரம், கீழூர் ஓடங்கள் எதிர்நீரில் துடுப்புப் போட்டு வந்தன. தட்டியில் சிக்கிய மீனில் பாதி அவற்றில் இருந்தது. யாரிமாவின் தங்கையும் வந்திருந்தாள். அவள் தோளில் குளிக்காத பிள்ளை, அழுக்கும் சிரிப்புமாக. யாரிமா அதை வாங்கி முத்தமிட்டாள்.

கோவேனா ஒரு பெரிய மீன்தலையை இலையில் வைத்து நீட்டினான்.

"இந்தாங்க சகலை. கோபத்திலேயும் முரசடிச்சுச் சொன்னீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்?"

தமாகுவை வெட்கம் பிடுங்கித் தின்றது. மீன்தலையை இலையோடு வாங்கி, யாரிமாவின் முன்னால் வைத்தான்.

கீழே இருப்பவர்களை நினைத்து நடப்பவனுக்கே ஆறும் பங்கு வைக்கும்.